லைன்ல யாருங்க?

எனக்குக் கோபம் வந்தால் குரல் இனிமையாகிவிடும். பிறவிக் கோளாறு. டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் எனக்கு வேலை கிடைத்ததே அதனால்தான். இன்டர்வியூவில் உட்கார்ந்திருந்த மூன்று பேரும் நான் கோலார் தங்கவயல் பெண் என்று தெரிந்ததும், "தங்கவயல்ல எந்த லைன்?" என்று குடைந்து குடைந்து கேட்டார்கள். அங்கே சுரங்கத் தொழிலாளர்களின் வீடுகள் வரிசை வரிசையாக இருக்கும். ஒவ்வொரு வரிசைக்கும் லைன் என்று பெயர். எந்த லைன் என்று தெரிந்தால் எந்தச் சாதி என்று தெரிந்துவிடும். எனக்கு உச்சந்தலை வரை சூடேறியது. "டெலிபோன் லைன்ல வேலை செய்யத்தான் வந்திருக்கேன், சார்" என்றேன். அந்தக் குரலைக் கேட்டு ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அடுத்த மாதம் ஆர்டர் வந்தது.

1958-இல் பெங்களூர் தண்டு என்கிற கன்டோன்மென்ட் பகுதியில், வெளியூர் அழைப்புகளை இணைக்கும் டிரங்க் போர்டின் முன்னால் தலையில் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்த பன்னிரண்டு பெண்களில் நானும் ஒருத்தி. "நம்பர் ப்ளீஸ்" என்று ஒரு நாளைக்கு நானூறு முறை சொல்வேன். இங்கிலீஷ் தெரியாதவர்கள் பேசினால் தமிழ், கன்னடம், கொஞ்சம் உருது. எல்லாவற்றிலும் எனக்குச் சரளமாக வாய் வரும். வாயால் வம்பும் வரும்.

அப்படி வந்த ஒரு வம்பிலிருந்துதான் இந்தக் கதை ஆரம்பிக்கிறது. ஒருநாள் எங்கள் சூப்பர்வைசர் மிஸ் தியோடர் கண்ணாடி அறையிலிருந்து எட்டிப் பார்த்து, "ரஞ்சிதம், ப்ளீஸ், உள்ளே வா" என்றார். அவர் ப்ளீஸ் சொன்னால் திட்டு நிச்சயம். மேஜையில் ஒரு புகார்க் கடிதம் இருந்தது. எழுதியவர் ஒரு பெரிய வக்கீல். அவர் வீட்டுக்கு மெட்ராஸிலிருந்து டிரங்க் கால் வந்தபோது சமையல்காரர் போனை எடுத்திருக்கிறார். நான் அவரிடம், "கொஞ்சம் இருங்க, ஐயாவைக் கூப்பிடுங்க" என்று சொல்லியிருக்கிறேன். அதுதான் புகார். வேலைக்காரனுக்கு இருங்க, கூப்பிடுங்க என்று மரியாதை கொடுத்து அவனுக்குத் தலைக்கனம் ஏற்றுகிறாளாம் உங்கள் ஆபரேட்டர்.

மிஸ் தியோடர் கண்ணில் நீர் வரச் சிரித்தார். ஆங்கிலோ இந்தியர். இருபது வருடமாக இதே எக்ஸ்சேஞ்சில் குப்பை கொட்டுகிறவர். நல்ல மனுஷிதான், ஆனால் சிரித்து முடித்ததும் ஒரு வார்த்தை சொன்னார்.

"பாரு ரஞ்சிதம், எங்க லாங்குவேஜ்ல ப்ளீஸ்னு ஒரே வேர்ட். குவீனுக்கும் அதுதான், குக்குக்கும் அதுதான். உங்க லாங்குவேஜ்ல ப்ளீஸே இல்ல. ஒரு கல்ச்சர் மேலே, ஒரு கல்ச்சர் கீழே. இதைச் சொல்ல என்ன வெட்கம்?"

"இருக்கே மிஸ். தயவுசெய்து" என்றேன், மிக இனிமையாக.

"அதை நீ யார்கிட்டயாவது சொல்லியிருக்கியா?"

சொன்னதில்லை. பிச்சை கேட்பதுபோல இருக்கும் என்று வீட்டில் யாரும் சொல்லமாட்டோம். வாயடைத்து வெளியே வந்தேன். எனக்கு வாயடைத்துப்போவது அபூர்வம் என்பதால் மத்தியானத்துக்குள் கட்டடம் முழுக்கச் செய்தி பரவிவிட்டது.

கேன்டீனில் இளங்கோவன் என்னைத் தேடி வந்தான். ரெக்கார்ட் செக்‌ஷன் குமாஸ்தா. அல்சூர்க்காரன். எங்கள் ஊழியர் மன்றத்தின் செயலாளர். மேடையில் ஏறினால் செந்தமிழ், இறங்கினால் எங்களைப் போல. மைக்கைப் பிடித்தால் கைதட்டல் வாங்காமல் விடமாட்டான். அவன் பேசுவதைக் கேட்பதற்காகவே நான் மன்றத்தில் சேர்ந்தேன் என்பதை இப்போது ஒப்புக்கொள்வதில் எனக்கு வெட்கமில்லை.

"ரஞ்சிதம், இதை விடக் கூடாதுங்க. ஆண்டு விழா விவாதப் போட்டிக்கு இதையே தலைப்பா வெச்சுடலாம். மிஸ்ஸும் லைன்மேன் ரெமிஜியஸும் ஒரு பக்கம். நீங்களும் நானும் ஒரு பக்கம்" என்றான்.

மறுநாள் நோட்டீஸ் போர்டில் ஒட்டிவிட்டார்கள். 'பண்பாடுகளில் மேல் கீழ் உண்டா?' உண்டு என்பது மிஸ் தியோடர் அணி. இல்லை, எல்லாம் சமம் என்பது எங்கள் அணி. ஜெயிக்கிற அணிக்குக் கோப்பை.

"எல்லாம் சமம்னு நாம பேசணும். கேக்கறவங்களுக்கு நம்மளுதுதான் ஒசத்தின்னு தானா தோணணும்" என்று இளங்கோவன் ரகசியமாகச் சொன்னான். எனக்குச் சிரிப்பு வந்தாலும் அந்த வேகம் பிடித்திருந்தது.

ஒரு வாரம் எனக்கு ராத்திரித் தூக்கம் இல்லை. நம்பர் ப்ளீஸ், நம்பர் ப்ளீஸ் என்று சொல்லிக்கொண்டே யோசித்தேன். வியாழக்கிழமை ஒரு செட்டியாரிடம் "கொஞ்சம் லைன்லயே இருங்க" என்று சொன்ன அந்த நொடியில் பிடிபட்டது. இருங்க! எங்கள் ப்ளீஸ் வினைச்சொல்லின் வாலில் அல்லவா உட்கார்ந்திருக்கிறது! இங்கிலீஷ்காரனுக்கு மரியாதை தனி வார்த்தை, வேண்டுமானால் போடலாம், மறந்தால் விட்டுவிடலாம். எங்களுக்கு வா என்ற சொல்லே வாங்க என்று மாறி வணங்குகிறது. பக்கத்துப் பெண்ணிடம் போர்டை ஒப்படைத்துவிட்டு, இரண்டிரண்டு படியாகத் தாவி இறங்கி ரெக்கார்ட் செக்‌ஷனுக்குள் போய் மூச்சிரைக்கச் சொன்னேன்.

இளங்கோவன் நாற்காலியிலிருந்து துள்ளி எழுந்தான். "ங்க! அடடா, ரெண்டே எழுத்து! கோப்பை நம்மளுது ரஞ்சிதம்!" ஃபைல்கள் சரிந்து விழுந்தன. இருவரும் குனிந்து பொறுக்கினோம். பொறுக்கும்போதே தலையை நிமிர்த்தாமல் கேட்டான்: "வர்ற ஞாயித்துக்கிழமை அம்மாவைக் கூட்டிக்கிட்டு உங்க வீட்டுக்கு வரலாமா?"

எனக்குக் காது ஜிவ்வென்றது. வாங்க என்றேன். அந்த ங்கவை நான் எப்படிச் சொன்னேன் என்று எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது.

"அப்பா மைன்ஸ்ல இருந்தாருன்னு சொன்னீங்கல்ல. ஆபீஸ்லயா?" என்று கேட்டான். பதில் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் மிஸ் தியோடர் மாடியிலிருந்து, "ரஞ்சிதம், ப்ளீஸ்!" என்று கத்தினார். ஓடினேன். ஓடும்போது தப்பித்தோம் என்று நினைத்தேன். அப்படி நினைத்ததற்காக எனக்கே என் மேல் எரிச்சல் வந்தது. சனிக்கிழமை போட்டி. ஞாயிற்றுக்கிழமை அவர்கள் வருகிறார்கள். நடுவில் ஒரு வெள்ளிக்கிழமை மட்டும்தான் இருந்தது.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஜீவனஹள்ளி வீட்டில் அப்பாவுக்குப் பேசிக் காட்டினேன். அப்பா பெயர் முனிரத்தினம். முப்பத்திரண்டு வருடம் பூமிக்கு அடியில் துளை போட்டவர். நுரையீரலில் தூசியோடு மேலே வந்து, அம்மாவும் போன பிறகு என்னுடன் பெங்களூரில் இருந்தார். சுவரில் மாட்டியிருந்த புத்தர் படத்துக்குக் கீழே உட்கார்ந்து முழுவதையும் கேட்டார், கைதட்டினார், இருமினார்.

"பாயிண்ட்டு சூப்பரு. ஆனா ஒண்ணு. கேஜ்ல ஏறிச் சுரங்கத்துக்குள்ள எறங்குவோம் பாரு, அப்ப அந்த ப்ளீஸும் மேலயே நின்னுக்கும், இந்த ங்கவும் மேலயே நின்னுக்கும். வெள்ளைக்கார மைன்ஸ் கேப்டன் 'ஏய், யூ'ம்பான். நம்ம மேஸ்திரி 'டேய்'ம்பான். ரெண்டு பேரும் ஒண்ணாத்தான் கூப்பிடுவானுங்க" என்று சொல்லிச் சிரித்தார்.

"என் பாயிண்ட்டைக் கெடுக்காதப்பா!" என்று கத்தினேன். அப்பாவை நான் நீ என்றுதான் சொல்வேன். எங்கள் வீட்டில் அதற்குப் பெயர் பாசம்.

ஆனால் அந்தப் பாயிண்ட்டில் ஓட்டை இருந்தது எனக்கும் தெரியும். போர்டில் தினமும் கேட்டுக்கொண்டிருந்தேனே. வெள்ளைக்காரர் வீட்டுக்கு லைன் போட்டால் 'ஹலோ' என்பார்கள். தமிழ் வீட்டுக்குப் போட்டால் முதல் கேள்வி, "யாரு பேசறது?" கன்னட வீட்டிலும் அதேதான், "யாரு மாத்தாடோது?" பேசுகிறவர் யார், எந்த அளவு என்று தெரியாமல் எங்களால் ஒரு வினைச்சொல்லை முடிக்க முடியாது. ங்க போடுவதா வேண்டாமா? தெரிகிறவரை வாலை மறைத்துப் பேசுவார்கள். "எங்கேருந்து பேசறது? எப்ப வந்தது? என்ன விஷயம்?" நீயும் கிடையாது, நீங்களும் கிடையாது. ஆள் யாரென்று தெரிந்த மறுநொடி இருங்க என்றோ இரு என்றோ இறங்கும். இதை நான் இளங்கோவனிடம் சொல்லவில்லை. கோப்பை வேண்டுமே.

சனிக்கிழமை சாயங்காலம் ஐந்து மணி. கீழ்த்தளத்து ஹாலில் உட்கார இடமில்லை. நடுவர் எஞ்சினியர் கோவிந்தப்பா. கன்னடக்காரர், தமிழ் நன்றாகப் புரியும். மிஸ் தியோடர் எழுந்து ப்ளீஸின் பெருமையைச் சொன்னார். பெருக்குகிற சின்னத்தாயியை எழுப்பி நிறுத்தி, "நான் உனக்கு ப்ளீஸ் சொல்லாம ஒரு வேலை சொல்லியிருக்கேனா?" என்று கேட்டார். "இல்லீங்க மிஸ்ஸு" என்றாள் சின்னத்தாயி. கைதட்டல் கூரையைத் தொட்டது. எங்கள் அணிக்கு வியர்த்தது.

இளங்கோவன் எழுந்தான். என்ன பேச்சு! "மலையில் வாழ்பவனுக்கு மலையின் பண்பாடு, கரையில் வாழ்பவனுக்குக் கரையின் பண்பாடு. உயர்ந்தது தாழ்ந்தது என்று தராசு தூக்க நாம் யார்? மனிதரில் தாழ்ந்தவர் எவரும் இல்லை!" ஹால் அதிர்ந்தது. நானும் கை வலிக்கத் தட்டினேன். அடுத்து ரெமிஜியஸ் பேசி எல்லோரையும் சிரிக்கவைத்தான். அதன் பிறகு நான்.

ரெமிஜியஸ் பேசிக்கொண்டிருந்தபோதே மேடைக்குப் பக்கத்துக் கதவில் கொஞ்சம் நெரிசல். செயலாளர் அல்லவா, இளங்கோவன் இறங்கிப் போனான். கதவருகில் அப்பா நின்றுகொண்டிருந்தார். இருமலாக இருக்கிறது, வரவில்லை என்று சொன்னவர், சுரங்கத்தில் கொடுத்த பழைய காக்கிக் கோட்டும் பூட்ஸுமாக வந்திருந்தார். கையில் நான் கொடுத்த அழைப்பிதழ்.

"யாருப்பா நீ? இது ஸ்டாஃப் ஃபங்ஷன். வழிய மறைக்காத, ஓரமாப் போயி நில்லு" என்றான் இளங்கோவன்.

"சரிங்க" என்றார் அப்பா. அழைப்பிதழைக் கோட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டு பின்வரிசைக்கு அந்தப் பக்கம் போய்ச் சுவரோரம் நின்றார். அவருக்கு அதில் ஒன்றும் பெரிதாகத் தெரியவில்லை. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

இளங்கோவன் திரும்பி வந்து என் பக்கத்தில் உட்கார்ந்து, "அடிச்சுக் கெளப்புங்க" என்று காதில் சொன்னான்.

எழுந்தேன். பேசாமல் ங்க பாயிண்ட்டைச் சொல்லிவிட்டு உட்காரலாம். கோப்பை கிடைக்கும். நாளை ஞாயிற்றுக்கிழமை. அப்பாவை ஒரு வெள்ளை வேட்டி கட்டவைத்து, ஆபீஸில் இருந்தார் என்று சொல்லாமல், இல்லை என்றும் சொல்லாமல் ஒப்பேற்றலாம். இதெல்லாம் ஒரு நொடியில் மனத்தில் ஓடியது. மைக்கைப் பிடித்தேன். என் குரல் எனக்கே அவ்வளவு இனிமையாகக் கேட்டது.

"நடுவர் அவர்களே, எங்க பக்கத்துக்கு ஒரு நல்ல பாயிண்ட் இருக்கு. அதை முதல்ல சொல்லிடறேன். சொல்லிட்டு நானே அதை ஒடைக்கப் போறேன்."

ங்கவைப் பற்றிச் சொன்னேன். வா எப்படி வாங்க ஆகிறது என்று சொன்னேன். ஹால் குதூகலித்தது. கோவிந்தப்பா, "நம்ம பன்னியும் ஹாகே!" என்று மேஜையைத் தட்டினார். கன்னடத்தில் பன்னி என்றால் வாங்க, ஹாகே என்றால் அப்படித்தான். இளங்கோவன் முகம் விளக்குப் போட்டதுபோல இருந்தது.

"இப்ப ஒடைக்கறேன்" என்றேன். "நான் டிரங்க் போர்டுல இருக்கேன். லைன் போட்டவுடனே நம்ம ஆளுங்க கேக்கற மொதல் கேள்வி என்ன? யாரு பேசறது? ஏன் கேக்கறோம்? ங்க போடறதா வேணாமான்னு தெரியணும். என் மேல ஒரு கம்ப்ளெயின்ட் வந்துச்சு. ஒரு சமையல்காரருக்கு நான் ங்க போட்டுட்டேனாம். அவர் மூஞ்சி எனக்குத் தெரியலைங்க, அதான் போட்டேன். தெரிஞ்சிருந்தா நானும் போட்டிருப்பேனான்னு எனக்கே சந்தேகம். சின்னத்தாயி அம்மா இங்க இருக்காங்க. நான் வேலைக்குச் சேர்ந்து ரெண்டு வருஷமாச்சு. ஒரு நாளாவது வாங்கன்னு கூப்பிட்டிருக்கேனா?"

மிஸ் தியோடர் உதட்டில் சிரிப்பு வந்தது. அவரையும் விடவில்லை.

"மிஸ் சொல்ற ப்ளீஸ் குவீனுக்கும் உண்டு, குக்குக்கும் உண்டு. சரி. தங்கவயல்ல பூமிக்கு ஆறாயிரம் அடி கீழ அதை யாரும் கொண்டுபோகலை. வெள்ளைக்கார கேப்டன் ஏய் யூன்னாரு. தமிழ் மேஸ்திரி டேய்னாரு. இது எனக்கு எப்படித் தெரியும்னா, அங்க முப்பத்திரண்டு வருஷம் துளை போட்டவர் என் அப்பா. பேரு முனிரத்தினம். அதோ, செவுத்தோரமா நிக்கறாரு. நான் கொடுத்த இன்விடேஷன் அவர் பையில இருக்கு. ஓரமா நில்லுன்னு சொன்னாங்க, நிக்கறாரு."

எல்லாத் தலைகளும் திரும்பின. அப்பா கூச்சத்தில் கோட்டுப் பொத்தானைத் திருகினார். இளங்கோவனை நான் பார்க்கவில்லை. பார்த்தால் நிறுத்திவிடுவேன் என்று பயமாக இருந்தது.

"அதனால எல்லாம் சமம்னு நான் பேச மாட்டேன். மேல் கீழ் உண்டு, அளக்கலாம். லைன்ல இருக்கறது யாருன்னு தெரிஞ்ச பிறகு எப்படிப் பேசறோம்னு அளந்து பாருங்க. இன்னிக்கு அளந்தா இங்கிலீஷும் பாஸ் ஆகாது, நம்மளும் பாஸ் ஆக மாட்டோம். நாளைக்கு ஆகலாம். அவ்வளவுதாங்க."

கைதட்டல் எப்போது ஆரம்பித்தது என்று தெரியவில்லை. முதலில் தட்டியது சின்னத்தாயி என்று ரெமிஜியஸ் பிறகு சொன்னான். கோவிந்தப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மாட்டி, மறுபடி கழற்றினார்.

"ஏனம்மா, நீவு யாவ பக்கம்? மேல் கீழ் இல்லேன்னு சொல்ற பக்கம் உக்காந்துட்டு, உண்டுன்னு சொல்லிட்டீங்களே. ரூல் ரூல்தான். கோப்பை மிஸ் தியோடருக்கு" என்றார்.

கோப்பையை நான்தான் போட்டுடைத்தேன். இளங்கோவன் ஆறு வருடமாகக் காத்திருந்த கோப்பை. ஆனாலும் எனக்குள் ஏதோ குதித்துக்கொண்டிருந்தது. இன்டர்வியூவில் அவர்கள் கேட்ட கேள்விக்கு இன்றுதான் முழு பதிலும் சொல்லியிருக்கிறேன் என்று தோன்றியது.

மிஸ் தியோடர் கோப்பையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நேராக அப்பாவிடம் போனார். ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு, "ப்ளீஸ், உக்காரு" என்றார். நிறுத்தினார். என்னை ஒரு பார்வை பார்த்தார். "...ங்க" என்று சேர்த்தார். பக்கத்திலிருந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். அவரும் சிரித்தார். அப்பா உட்காராமல் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

கூட்டம் கேன்டீன் பக்கம் நகர்ந்தது. நானும் அப்பாவும் சுவரோரமாக நின்றோம். அப்போது இளங்கோவன் வந்தான். முகம் வெளிறியிருந்தது. மேடையில் ஒரு மணி நேரம் தடங்கலில்லாமல் பேசுகிறவன், எங்கள் முன்னால் நின்று தொண்டையைக் கனைத்தான்.

"எப்ப வந்தது?" என்றான் அப்பாவிடம்.

"அஞ்சரைக்குங்க" என்றார் அப்பா.

"பஸ்லயா?"

"நடந்துதாங்க."

"டீ ஆச்சா?"

"இருக்கட்டுங்க."

நான் கேட்டுக்கொண்டே இருந்தேன். மூன்று கேள்வி. ஒன்றிலும் வால் இல்லை. நீயும் இல்லை, நீங்களும் இல்லை. போர்டில் தினம் நூறு முறை கேட்கும் அதே பேச்சு. அவன் கெட்டவன் இல்லை என்று எனக்குத் தெரியும். வாய் வரவில்லை, அவ்வளவுதான். ஆனால் அந்த இடத்தில் எனக்கு அவன் நல்லவனாக இருப்பது போதவில்லை. இப்போது நான் சிரித்துச் சமாளித்தால் வாழ்நாள் முழுக்கச் சமாளிக்கவேண்டியிருக்கும்.

"மிஸ்டர் இளங்கோவன்" என்றேன், மிக மிக இனிமையாக. "லைன்ல யாருன்னு தெரிஞ்சுபோச்சு. இப்பப் பேசுங்க."

அவன் என்னைப் பார்த்தான். அப்பாவின் பூட்ஸைப் பார்த்தான். டிரங்க் காலுக்கு மூன்று நிமிடம் தருவோம். அவன் எடுத்துக்கொண்டது அரை நிமிடம்கூட இருக்காது. எனக்கு மூன்று டிரங்க் கால் நீளமாகத் தெரிந்தது. கேன்டீனில் டம்ளர் உருளும் சத்தம் கேட்டது. போய்விடுவான் என்று நினைத்தேன். போனால் போகட்டும் என்றும் நினைத்தேன், போகக்கூடாது என்றும் நினைத்தேன்.

"கதவுகிட்ட நான் பேசினது தப்பு" என்றான், மெதுவாக. பிறகு நிமிர்ந்து அப்பாவின் முகத்தைப் பார்த்தான். "நாளைக்கு அம்மாவோட வரேன். நீங்க வீட்ல இருப்பீங்களா?"

ஒரே வாக்கியத்தில் இரண்டு ங்க. எண்ணிக்கொண்டேன்.

அப்பா தனக்குப் பின்னால் யார் வந்து நிற்கிறார்கள் என்று திரும்பிப் பார்த்தார். பின்னால் சுவர்தான் இருந்தது.

"உன்னைத்தாம்பா கேக்கறாரு" என்றேன். "பதில் சொல்லு."